கத்துற சிப், கருகுற கனெக்டர்: கம்ப்யூட்டர் சூட்டின் 80 வருஷக் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளன.)

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரு எண்ணைப் பத்தி: 95.

புதுசா ஒரு கேமிங் பிசி வாங்கியிருக்கீங்க. இல்லன்னா ரிச்சி ஸ்ட்ரீட்ல கடை கடையா ஏறி இறங்கி, ஒவ்வொரு பார்ட்டா வாங்கி நீங்களே மாட்டியிருக்கீங்க. பல மாசச் சேமிப்பு. விண்டோஸ் ஏத்தியாச்சு, டிரைவர் போட்டாச்சு, கேமும் இறங்கிடுச்சு. ஆட ஆரம்பிச்சு பத்து நிமிஷம்கூட ஆகல, திரை ஓரத்துல சிபியு டெம்பரேச்சர் சிவப்பாகுது. 95 டிகிரி. தண்ணி கொதிக்க இன்னும் அஞ்சு டிகிரிதான் பாக்கி. அந்த நேரத்துல மனசுல ஓடுற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: காசு போச்சா?

பெரும்பாலும் போகல. ஆனா ஏன் போகலன்னு புரியணும்னா, அந்த எச்சரிக்கை எங்கிருந்து வந்ததுன்னு தெரியணும். அதுக்குப் பின்னால 80 வருஷக் கதை இருக்கு. அதுல ஒரு நொடியில புகைஞ்ச சிப் உண்டு, மேடையில மண்டி போட்ட கம்பெனித் தலைவர் உண்டு, நூறு கோடி டாலருக்கு மேல செலவு வெச்ச மூணு சிவப்பு விளக்கும் உண்டு. கதை முழுக்க ஒரு பாடம் திரும்பத் திரும்ப வருது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்னு சொல்வோம் இல்லையா, அதே கதைதான். சூடு தாங்கலன்னு கத்துற பாகத்தை யாராவது கவனிச்சிடுவாங்க. சத்தமே போடாத பாகம்தான் கருகும்.

நூறு ஏசி இழுக்கும் கரண்ட்

1946 பிப்ரவரி. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரம், பென்சில்வேனியா பல்கலைக்கழகம். எனியாக் என்ற கம்ப்யூட்டரை உலகத்துக்கு அறிமுகப்படுத்துறாங்க. பழைய வால்வு ரேடியோ பார்த்திருப்பீங்க, இல்ல கேள்வியாவது பட்டிருப்பீங்க. அந்த மாதிரி வால்வுகள் எனியாக்ல சுமார் 18,000 இருந்தது. எடை ஏறக்குறைய 30 டன். மின்சாரம் சுமார் 150 கிலோவாட். நம்ம வீட்டுல ஓடுற ஒன்றரை டன் ஏசி நூறு சேர்ந்தா எவ்வளவு கரண்ட் இழுக்குமோ, கிட்டத்தட்ட அவ்வளவு.

இங்க ஒரு அடிப்படை விஷயத்தைப் பிடிச்சுக்கணும். கம்ப்யூட்டருக்குள்ள போற ஒவ்வொரு வாட் மின்சாரமும் கடைசியில சூடாத்தான் வெளிய வரும். கணக்குப் போடுறதால அந்த மின்சாரம் வேற எங்கேயும் போயிடாது. உங்க பிசி 500 வாட் இழுத்தா, உங்க ரூம்ல 500 வாட் ஹீட்டர் ஓடுதுன்னு அர்த்தம். எனியாக்கைப் பொறுத்தவரை அது 150 கிலோவாட் ஹீட்டர்.

இதை வடிவமைச்ச பிரெஸ்பர் எக்கர்ட்டும் ஜான் மாக்லியும் சூட்டை முதல் நாளிலிருந்தே எதிரியாப் பார்த்தாங்க. பெரிய ஊதுகுழல் விசிறிகள் வெச்சாங்க. வால்வுகளை அதோட முழுத் திறனுக்கு ஓட்டாம, அளவுக்குக் கீழேயே ஓட்டினாங்க. முக்கியமா, இயந்திரத்தின் ஒவ்வொரு பலகைக்குள்ளயும் ஒரு தெர்மோஸ்டாட் இருந்தது. உள்ளே சூடு 115 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது சுமார் 46 டிகிரி செல்சியஸைத் தாண்டினா மின்சாரம் தானா நின்னுடும். 'ஓவர்ஹீட் ஆனா ஷட் டவுன்' என்ற யோசனை கம்ப்யூட்டர் அளவுக்கே பழசு.

அவங்க இன்னொண்ணும் கவனிச்சாங்க. வால்வுகள் அதிகமா கெட்டுப்போனது, ஆன் பண்ணி சூடேறும்போதும் ஆஃப் பண்ணி ஆறும்போதும்தான். அதனால முடிஞ்சவரைக்கும் எனியாக்கை அணைக்காமலே வெச்சிருந்தாங்க. கண்ணாடி டம்ளர்ல திடீர்னு கொதிக்கிற தண்ணி ஊத்தினா விரிசல் விடும் இல்லையா, அதே தத்துவம். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. அறுபது வருஷம் கழிச்சு இன்னொரு இடத்துல இது திரும்ப வரும்.

63.5 வாட்

அடுத்த ஐம்பது வருஷத்தை வேகமாக் கடந்துடலாம். வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது, டிரான்சிஸ்டர் சுருங்கி சிப்புக்குள்ள போச்சு. சூப்பர் கம்ப்யூட்டர் செய்றவங்களுக்குச் சூடு எப்பவும் தலைவலிதான். 1985-ல் வந்த க்ரே-2 கம்ப்யூட்டரோட சர்க்யூட்களை, மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்துக்குள்ள மொத்தமா மூழ்கடிச்சுத்தான் ஓட்டினாங்க. ஆனா வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை.

1981-ல் ஐபிஎம் பிசி வந்தப்ப, அதுல இருந்த இன்டெல் 8088 சிப் மேல ஹீட் சிங்க்கூட கிடையாது. வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். மொத்தக் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து எஸ்எம்பிஎஸ் தந்தது 63.5 வாட். ஃபேன் இருந்தது அந்த எஸ்எம்பிஎஸ் உள்ளே மட்டும்தான். இன்னைக்கு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090 என்ற ஒரே ஒரு கிராபிக்ஸ் கார்டுக்கு 575 வாட். அதாவது ஒன்பது ஐபிஎம் பிசிக்கான மின்சாரம், ஒரு கார்டுக்குள்ள.

நடுவுல என்ன ஆச்சு? 1974-ல் ஐபிஎம் பொறியாளர் ராபர்ட் டென்னார்டும் அவரோட குழுவும் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினாங்க. அதோட சாரம் இதுதான். டிரான்சிஸ்டரைச் சின்னதாக்கும்போது அதுக்குக் கொடுக்குற வோல்டேஜையும் அதே விகிதத்துல குறைச்சா, அதே பரப்பளவுல அதிக டிரான்சிஸ்டர் வெச்சாலும் அந்த இடம் உமிழுற சூடு ஏறாது. சின்னதாக்கு, வேகமாக்கு, சூடு பத்திக் கவலைப்படாதே. முப்பது வருஷத்துக்கு இந்தத் தொழிலே இந்த வாக்குறுதியை நம்பித்தான் ஓடுச்சு.

முழுசா நம்ப முடியலைங்கிறதும் சீக்கிரமே தெரிஞ்சது. வேகத்துக்கு ஆசைப்பட்டு, வோல்டேஜைக் குறைக்க வேண்டிய அளவுக்கு யாரும் குறைக்கல. 1993-ல் வந்த முதல் பென்டியம் 66 மெகாஹெர்ட்ஸ்ல 16 வாட் வரைக்கும் போச்சு. அந்தக் காலத்துல அது பெரிய எண். சிபியு மேல ஹீட் சிங்க், அதுக்கு மேல ஒரு குட்டி ஃபேன் என்ற ஏற்பாடு வீட்டுக்கு வந்தது இப்படித்தான்.

1995-ல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற தர அமைப்பைக் கொண்டுவந்தது. இன்னைக்கும் உங்க கேபினெட்டும் மதர்போர்டும் பெரும்பாலும் அந்த வழியில வந்ததுதான். அதோட ஆரம்ப வடிவத்துல, எஸ்எம்பிஎஸ் ஃபேன் வெளிக்காத்தை உள்ளே இழுத்து சிபியு மேல ஊதணும்னு நினைச்சாங்க. ஆனா அந்தக் காத்து எஸ்எம்பிஎஸ்ஸைத் தாண்டி வரும்போதே சூடாயிடும். சூடான காத்தால சூட்டை எப்படி ஆத்துறது? கடைசியில திசையை மாத்தினாங்க. முன்னால இழுக்கணும், பின்னாலயும் மேலயும் தள்ளணும். இன்னைக்கு நாம கேபினெட்ல பின்பற்றுற காத்தோட்டம் இப்படிப் பட்டுத் தெளிஞ்சதுதான்.

ஹீட் சிங்கைக் கழட்டினா என்ன ஆகும்?

2001 செப்டம்பர். டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற தளம் ஒரு வீடியோ போடுது. யூடியூப் பிறக்குறதுக்கு நாலு வருஷம் முன்னால. சோதனை ரொம்ப எளிமை. க்வேக் 3 கேம் ஓடிக்கிட்டிருக்கும்போதே சிபியு மேல இருக்குற ஹீட் சிங்கைக் கழட்டிடுவாங்க. என்ன ஆகுது, பார்க்கலாம்.

இன்டெல் பென்டியம் 4: கேம் நத்தை மாதிரி ஊர்ந்தது, ஆனா நிக்கல. ஹீட் சிங்கைத் திரும்ப வெச்சதும் பழைய வேகத்துக்கு வந்துடுச்சு. பென்டியம் 3: சிஸ்டம் உறைஞ்சு நின்னுடுச்சு, சிப் பிழைச்சுது. ஏஎம்டி அத்லான் 1400: கண் இமைக்கிற நேரத்துல புகை. சிப் செத்துப்போச்சு.

அன்னைக்கு அத்லான் மோசமான சிப் இல்லை. விலைக்கு நல்ல வேகம் தந்த, கேம் ஆடுறவங்க கொண்டாடின சிப். வித்தியாசம் ஒரே இடத்துலதான். பென்டியம் 4-ன் சிலிக்கானுக்குள்ளயே சூட்டை அளக்குற சென்சாரும், சூடேறினா தன் வேகத்தைத் தானே குறைக்கிற சர்க்யூட்டும் இருந்தது. அந்த அத்லானுக்குள்ள அது இல்லை. மதர்போர்டுல, சிப்புக்கு அடியில ஒரு சென்சார் இருந்தது. ஆனா சூடு சிப்பைத் தாண்டிக் கீழே இறங்கி அந்தச் சென்சாரைத் தொடுறதுக்குள்ள மேல எல்லாம் முடிஞ்சிடும். வீடு பத்தி எரியும்போது தெருமுனையில மணி அடிச்ச மாதிரி.

அதே சோதனையில ஏஎம்டியோட இன்னொரு புது சிப்பும் இருந்தது, அத்லான் எம்பி. அதுக்குள்ள சென்சார் இருந்தது. ஆனா அந்த மதர்போர்டால சிப்பைக் காப்பாத்த முடியல. அதுவும் போச்சு. சென்சார் இருந்தா மட்டும் போதாது, அது சொல்றதைக் கேட்க ஒருத்தர் வேணும். அந்த வீடியோ கிளப்பின பேச்சுக்கு அப்புறம், சூடு மீறினா உடனே மின்சாரத்தை வெட்டுற பாதுகாப்பு ஏஎம்டி போர்டுகள்லயும் வர ஆரம்பிச்சது.

அதனால உங்க திரையில சிவப்பா 95 வந்தா, அதுக்கு முதல் அர்த்தம் சென்சார் வேலை செய்யுது, போர்டு அதைக் கேக்குதுன்னுதான். 2001-ல் பலருக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கல.

மண்டி போட்ட தலைவர்

அதே 2001 பிப்ரவரியில இன்டெல்லின் பாட் கெல்சிங்கர், பிற்காலத்துல அதே கம்பெனிக்குத் தலைவரானவர், பொறியாளர்கள் மாநாட்டுல ஒரு வரைபடம் காட்டினார். சிப்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை வாட் சூடு வருதுன்னு ஒரு கோடு. சமையலறை ஹாட் பிளேட்டை ஏற்கெனவே தாண்டியாச்சு. இப்படியே போனா அணு உலை, அப்புறம் ராக்கெட் குழாய், அப்புறம் சூரியனோட மேற்பரப்பு. இந்த வழியில தொடர முடியாதுன்னு சொல்றதுக்காகக் காட்டின படம் அது.

ஆனா கம்பெனியோட பென்டியம் 4 திட்டம் மெகாஹெர்ட்ஸ் பின்னாலதான் ஓடிக்கிட்டிருந்தது. 10 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும்னு பேச்சு. 2004 பிப்ரவரியில பிரெஸ்காட் வந்தது. டிரான்சிஸ்டர் சுருங்கியிருந்தது, சூடு மட்டும் ஏறியிருந்தது. 100 வாட்டைத் தாண்டிடுச்சு. டென்னார்ட் சொன்ன கணக்கு உடைஞ்ச இடம் இதுதான். டிரான்சிஸ்டர் அவ்வளவு சின்னதானபோது, அணைச்சு வெச்சாலும் அதுவழியா மின்சாரம் கசிய ஆரம்பிச்சுது. மூடின குழாயில தண்ணி சொட்டுற மாதிரி. ஒரு குழாய் சொட்டினா பரவாயில்லை, பத்து கோடிக்கு மேல குழாய் சொட்டினா?

2004 மே மாசம் பிரெஸ்காட்டுக்கு அடுத்து வரவேண்டிய டேஜஸ் சிப்பை இன்டெல் கைவிட்டுது. அக்டோபர்ல 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ம் ரத்து. அதே மாசம் ஒர்லாண்டோவில் நடந்த கூட்டத்துல, தலைமை நிர்வாகி கிரெய்க் பாரெட் மேடையிலேயே மண்டி போட்டு, பாதி விளையாட்டா பாதி நிஜமா மன்னிப்புக் கேட்டார்.

தீர்வு வந்தது இஸ்ரேலின் ஹைஃபா நகரத்துல இருந்த இன்டெல் குழுவிடமிருந்து. லேப்டாப்புக்காக, குறைஞ்ச மின்சாரத்துல ஓடணும்னு கட்டுப்பாட்டோட வேலை செஞ்சவங்க அவங்க. அந்த வழியில 2006 ஜூலையில கோர் 2 டியோ வந்தது. ஒரு கோரை வெறித்தனமா ஓட்டுறதுக்குப் பதிலா ரெண்டு கோரை நிதானமா ஓட்டு. 65 வாட்டுலயே பழைய பென்டியம் 4-ஐத் தூக்கிச் சாப்பிட்டுது. இன்னைக்கு உங்க சிபியுல ஆறு கோர், எட்டு கோர், பதினாறு கோர்னு இருக்குன்னா, அதுக்கு முக்கியக் காரணம் சூடுதான்.

மூணு சிவப்பு விளக்கு

2005 நவம்பர். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் 360-ஐ வெளியிடுது. கொஞ்ச நாள்லயே ஒரு புகார் உலகம் முழுக்கக் கேக்க ஆரம்பிச்சுது. ஆன் பண்ணினா பட்டனைச் சுத்தி மூணு சிவப்பு விளக்கு, அப்புறம் ஒண்ணுமே இல்லை. சிலர் கன்சோலைத் துண்டால சுத்திச் சூடாக்கிப் பார்த்தாங்க. சில நேரம் கொஞ்ச நாள் ஓடவும் செஞ்சுது. 2007 ஜூலையில மைக்ரோசாஃப்ட் இந்தப் பிரச்சினைக்கு வாரண்டியை மூணு வருஷமாக்கி, அதுக்காக நூறு கோடி டாலருக்கு மேல ஒதுக்கிச்சு.

காரணம் என்ன? 2021-ல் மைக்ரோசாஃப்டே வெளியிட்ட ஆவணத் தொடர்ல அந்தப் பொறியாளர்கள் விளக்கினாங்க. ஆன் பண்ணும்போது சிப் சூடேறி விரியுது, ஆஃப் பண்ணும்போது சுருங்குது. நூத்துக்கணக்கான தடவை இப்படி ஆனதுல, சிப் பேக்கேஜுக்கு உள்ள இருக்குற நுண்ணிய இணைப்புகள் விட்டுப்போச்சு. எனியாக்ல வால்வைக் கொன்ன அதே விஷயம். 2008-ல் என்விடியாவும் லேப்டாப் சிப்புகளோட பேக்கேஜிங் பலவீனத்துக்காக 15 கோடியிலிருந்து 20 கோடி டாலர் வரைக்கும் ஒதுக்க வேண்டி வந்தது.

இங்க கவனிக்க வேண்டியது, உலோகம் களைச்சுப்போறதை எந்த டெம்பரேச்சர் எண்ணும் காட்டாது. அந்த நிமிஷத்துச் சூடு எவ்வளவுன்னுதான் சென்சார் சொல்லும். எத்தனை தடவை ஏறி இறங்கிச்சுன்னு சொல்லாது. கத்தாத இடம், முதல் உதாரணம்.

பிரேக் எப்படி ஆக்ஸிலரேட்டர் ஆச்சு

2008 நவம்பர்ல வந்த இன்டெல் கோர் ஐ7-ல டர்போ பூஸ்ட் என்ற வசதி வந்தது. சிப் குளுமையா இருந்து, மின்சாரமும் மிச்சம் இருந்தா, அது தானாவே குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டி ஓடும். அதுவரைக்கும் வெப்ப சென்சார் ஒரு பிரேக். அன்னையிலிருந்து அதுவே ஆக்ஸிலரேட்டராவும் ஆயிடுச்சு. இன்னும் எவ்வளவு தாங்கும்னு சிப் நொடிக்குப் பல தடவை தன்னையே கேட்டுக்கிட்டு, அந்த எல்லைக்குப் பக்கத்துலயே ஓட ஆரம்பிச்சுது.

இந்தப் பாதையோட உச்சம் 2022 செப்டம்பர்ல வந்த ஏஎம்டி ரைசன் 7000. முதல் விமர்சனங்கள் வந்ததும் எல்லாரும் அதிர்ந்தாங்க. எல்லா கோருக்கும் வேலை கொடுத்தா உடனே 95 டிகிரி, அங்கேயே நிக்குது. ஏஎம்டி சொன்ன பதில்: அப்படித்தான் வடிவமைச்சிருக்கோம். ஒரு சதுர சென்டிமீட்டரைவிடச் சின்னச் சிலிக்கான் துண்டுலேர்ந்து சூடு வெளிய வரணும். பெரிய கூலர் போட்டா சிப் குளுமையாகாது. கிடைச்ச இடத்தைப் பயன்படுத்தி இன்னும் கொஞ்சம் வேகமா ஓடி, திரும்ப 95-ஐத் தொடும்.

ஒரு காலத்துல ஆபத்துக்கு அடையாளமா இருந்த எண், இப்ப எட்ட வேண்டிய இலக்கு. அதனாலதான் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவும் முடியாது, நிம்மதியாகவும் முடியாது.

சத்தமில்லாத மூணு இடங்கள்

சிபியு இப்ப நல்லா கத்தக் கத்துக்கிச்சு. அப்புறம் கருகினது எது?

2022 அக்டோபர். 450 வாட் ஆர்டிஎக்ஸ் 4090 வந்து சில வாரத்துல, அதோட பவர் கனெக்டர் உருகின படங்கள் வர ஆரம்பிச்சுது. கட்டைவிரல் அளவு பிளக் வழியா 600 வாட் வரைக்கும் போகலாம். 12 வோல்ட்ல அது 50 ஆம்பியர், அதை ஆறு குட்டிப் பின்கள் பகிர்ந்துக்கணும். பிளக் முழுசா உள்ளே போகலன்னா சில பின்கள் சரியாத் தொடாது, மத்த பின்கள் பாரத்தைச் சுமக்கும், அந்த இடம் கொதிக்கும். சுமார் 50 சம்பவங்கள் பத்தித் தெரியும், பொதுவான காரணம் பிளக் முழுசா மாட்டப்படாததுன்னு நவம்பர்ல என்விடியா சொல்லுச்சு. சுதந்திரமாச் சோதிச்ச கேமர்ஸ் நெக்ஸஸ் சேனலும் கிட்டத்தட்ட அதையேதான் கண்டுச்சு.

அப்ப தப்பு மாட்டினவங்க மேலயா? 2023-ல் அந்தத் தர அமைப்பையே திருத்தினாங்க. நாலு சிறிய உணர்வுப் பின்களின் நீளத்தைக் குறைச்சாங்க. பிளக் முழுசா உள்ளே போனாத்தான் கார்டுக்கு அனுமதி கிடைக்கும். சாதாரண மனுஷங்க சாதாரணமாச் செய்ற தவறை, வடிவமைப்பு பொறுத்துக்கணும் என்பதை ஒத்துக்கிட்ட மாதிரிதானே அது? அந்த பிளக் உள்ளே எவ்வளவு சூடுன்னு அளக்க சென்சாரே கிடையாது. கிராபிக்ஸ் கார்டு 65 டிகிரின்னு பச்சையாக் காட்டிக்கிட்டிருக்கும்போதே பிளக் உருகலாம்.

2023 ஏப்ரல். ரைசன் 7800எக்ஸ்3டி சிப்புகள் சில, சாக்கெட்டோட சேர்ந்து கருகுச்சு. ராமை வேகமா ஓட்ட எக்ஸ்போ என்ற அமைப்பை ஆன் பண்ணும்போது, மதர்போர்டுகள் ஒரு குறிப்பிட்ட வோல்டேஜை அளவுக்கு மேல ஏத்தினதுதான் விஷயம். ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டுக்கு மேல போகாம பூட்டி, புது பயாஸ் கொடுத்துச்சு.

2024. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரக சிப்புகள்ல கேம் கிராஷ் ஆகுது. பல கேம்கள்ல திரையில வந்த செய்தி 'வீடியோ மெமரி போதல'. பாவம், பலர் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகப்பட்டாங்க. உண்மையான காரணத்தை இன்டெல் ஜூலையில ஒத்துக்கிச்சு. சிப்போட சொந்த மைக்ரோகோடே தேவைக்கு மேல வோல்டேஜ் கேட்டிருக்கு, அதுல சிப் உள்ளுக்குள்ளயே தேய்ஞ்சுபோயிருக்கு. ஆகஸ்ட்ல திருத்தம் வந்தது, வாரண்டி ரெண்டு வருஷம் கூட்டப்பட்டது. ஆனா ஏற்கெனவே தேய்ஞ்ச சிப்பை எந்த அப்டேட்டும் குணமாக்காது.

மூணு சம்பவத்துலயும் பிரச்சினை வந்தது டெம்பரேச்சர் எண் எட்டிப் பார்க்காத இடத்துல.

சரி, இப்ப உங்க பிசி

எண் எவ்வளவுங்கிறதைவிட, அது எப்ப வருது, எப்படி வருதுன்னு கேளுங்க.

எதுவுமே ஓடாம, பயாஸ் திரையில சும்மா இருக்கும்போதே ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல 90-ஐத் தாண்டி அணைஞ்சுதுன்னா, சூடு சிப்பிலிருந்து கூலருக்குப் போகவே இல்லைன்னு அர்த்தம். கூலரைக் கழட்டிப் பாருங்க. அடியில ஒட்டின பிளாஸ்டிக் ஸ்டிக்கரை உரிக்காமலே மாட்டியிருக்கலாம். தெர்மல் பேஸ்ட் விட்டுப்போயிருக்கலாம், ஒரு மூலை ஸ்க்ரூ முழுசா இறங்காம இருக்கலாம். லிக்விட் கூலர்னா பம்ப்புக்கு மின்சாரமே போகாம இருக்கலாம். சரியாகுறவரை கேம் பக்கம் போகாதீங்க.

எல்லா கோருக்கும் வேலை கொடுத்தாத்தான் 95, அப்பவும் சிப் அதோட அடிப்படை வேகத்துக்கு மேலயே ஓடுதுன்னா, அது ரைசன் 7000 மாதிரி சிப்புக்கு இயல்பு. புது கேமை முதல் தடவை திறக்கும்போது ஷேடர் தயாராகுற சில நிமிஷமும் இப்படித்தான் இருக்கும். ஆனா சாதாரணமா ஆடும்போது சிபியு முழு பாரத்துல இருக்காது. ஆட்டம் முழுக்க 95-லேயே நின்னா, கொஞ்சம் தேடிப் பார்க்கணும்.

தேட எளிய வழி, கேபினெட்டோட பக்கக் கதவைத் திறந்து வெச்சு ஆடுங்க. சூடு சட்டுன்னு பத்து டிகிரி இறங்கினா சிப்பும் கூலரும் சரி, காத்தோட்டம்தான் குறை. முன்பக்க ஃபேன் திருப்பி மாட்டியிருக்கான்னு பாருங்க. பெரும்பாலான ஃபேன்கள்ல கம்பிச் சட்டம் இருக்குற பக்கம்தான் காத்து வெளிய வரும்.

ரூம் சூட்டையும் கணக்குல எடுங்க. எந்த ஃபேன் கூலரும் ரூமைவிடக் குளுமையாக்க முடியாது. 22 டிகிரி ஏசி ஸ்டுடியோவுல 75 காட்டின அதே பிசி, மே மாசத்துச் சென்னையில 36 டிகிரி ரூம்ல 89 காட்டினா, அதுல மர்மம் ஒண்ணுமில்லை.

ஆன் பண்ணினதும் 'சிபியு ஃபேன் எரர்' வந்தா, அது சூடு பத்தின செய்தியே இல்லாம இருக்கலாம். கூலர் வயரை மதர்போர்டுல சிபியு ஃபேன்னு எழுதின பின்ல மாட்டாம வேற இடத்துல மாட்டியிருந்தா, போர்டு ஃபேனே இல்லைன்னு நினைச்சுக்கும். டிடிஆர்5 ராம் போட்ட புது பிசி முதல் தடவை சில நிமிஷம் கறுப்புத் திரையாவே நிக்கலாம். ராமைப் பழக்கிக்கிட்டிருக்கு, அவசரப்பட்டு அணைக்காதீங்க. அப்புறமும் படம் வரலன்னா மானிட்டர் கேபிளைப் பாருங்க. அது மதர்போர்டுல இல்ல, கிராபிக்ஸ் கார்டுல இருக்கணும்.

இதெல்லாம் கத்துற பிரச்சினைகள். கத்தாத பிரச்சினைகளுக்கு நீங்களாத்தான் போகணும். முதல் கேமுக்கு முன்னாடி பயாஸை அப்டேட் பண்ணுங்க. பவர் அமைப்பு போர்டு கம்பெனியோட இஷ்டத்துல இல்லாம, இன்டெல் அல்லது ஏஎம்டி சொன்ன அளவுல இருக்கான்னு பாருங்க. ரைசன்ல ஈகோ மோடு போட்டா வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடு நல்லாவே குறையும். பிசியை அணைச்சு, கிராபிக்ஸ் கார்டு பிளக்கை இடைவெளி தெரியாத அளவுக்கு முழுசா அழுத்தி மாட்டுங்க. பிளக்கை ஒட்டியே வயரை மடக்காதீங்க.

இவ்வளவும் செஞ்சும் கேம் காரணமில்லாம விழுந்துக்கிட்டே இருந்தா, தேதியோட ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கிட்டு வாரண்டி கேளுங்க. 'உங்க தப்பாத்தான் இருக்கும்'னு யாராவது சொன்னா, சில நேரம் அது உண்மையா இருக்கலாம். ஆனா மூணு சிவப்பு விளக்குலயும், 13-ஆம் தலைமுறை சிப்புலயும் ஆடினவங்க மேல தப்பே இல்லைன்னு கம்பெனிகளே கடைசியில ஒத்துக்கிட்டாங்க. கேக்குறதுல தயக்கம் வேண்டாம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். அதுக்குள்ள கூலர் ஸ்டிக்கரை உரிச்சீங்களான்னு ஒரு தடவை பார்த்துடுங்க.